கொண்டோடுவதா, கொடுத்தாடுவதா?

உதைபந்தாட்டத்தைப் பற்றி நம்மூரில் நால்வர் கூடிப் பேசத் தொடங்கினால், அரை நாழிகைக்குள் அவர்கள் இரு கட்சியினராகப் பிரிந்துவிடுவர். பந்தைக் காலோடு கொண்டு, எதிரிகளை வெட்டி வெட்டி ஓடும் வீரனே ஆட்டத்தின் உயிர் என்பர் ஒரு கட்சியினர். பந்தைத் தன்னிடம் வைத்திராது உடனுக்குடன் தோழனுக்குக் கொடுத்து ஆடுவதே அறிவுடைய ஆட்டம் என்பர் மற்றைக் கட்சியினர். முன்னையோர் பெரும்பாலும் வயதில் மூத்த பழைய மாணவர். தம் காலத்து ஓட்டக்காரரின் பெயர்களை இன்றும் மறவாதவர். பின்னையோர் பெரும்பாலும் இளையோர். ஐரோப்பிய ஆட்டங்களைத் தொலைக்காட்சியிற் கண்டு வளர்ந்தவர். இவ்விரு சாராரும் மைதான ஓரத்தில் நின்று, "குடு, குடு" என்றும் "விடாதை, கொண்டு போ" என்றும் ஒரே வேளையிற் கூவுகின்றனர். நடுவில் நிற்கும் மாணவன் எதைச் செய்வது என்று அறியாது மயங்குகிறான். அம்மயக்கத்தைத் தீர்க்க ஒரு சிறிது முயல்வது பயனுடைத்து எனக் கருதியே இப்பொருளை இம்மலருக்கு எடுத்துக்கொண்டோம்.

நமது கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றோம். கொண்டோடுதலும் கொடுத்தாடுதலும் ஒன்றுக்கொன்று பகையான இரு முறைகள் அல்ல. ஒன்றின் பயன் மற்றொன்றினாலேயே உண்டாகின்றது. கொடுக்கும் எண்ணமில்லாத ஓட்டம் விழலுக்கு இறைத்த நீர். ஓடும் துணிவில்லாத கொடுப்பும் அத்தகையதே. இவற்றை எவ்விடத்தில், எப்பொழுது, எவ்வளவு சேர்ப்பது என்பதே தாக்குதலின் கலை. இக்கலையை நம் பாடசாலைகளில் இன்னும் முறையாகக் கற்பிக்கத் தொடங்கவில்லை என்பது நமது எண்ணம்.

இவ்வழக்கு எவ்வாறு பிறந்தது என்பதை முதற்கண் நோக்குவோம். 1863ஆம் ஆண்டு இலண்டனில் உதைபந்தாட்டச் சங்கம் முதன்முதல் விதிகளை வகுத்தபோது, பந்துக்கு முன்னால் நிற்கும் வீரன் ஆட்டத்துக்குப் புறம்பானவனாகவே கொள்ளப்பட்டான். ஆகவே, முன்னோக்கிப் பந்து கொடுத்தல் இயலாத காரியமாயிற்று. ஒருவன் பந்தைக் கொண்டு ஓடுவான். அவன் இழந்தாற் பற்றிக்கொள்வதற்குத் தோழர் பின்னே தொடர்வர். அக்காலத்து ஆட்டம் பெரும்பாலும் இதுவே. 1866இல் விதி தளர்ந்தது. எதிரணியின் எல்லைக் கோட்டுக்கும் தனக்கும் இடையில் எதிரணியினர் மூவர் இருப்பின், ஒருவன் முன்னே நின்று பந்தைப் பெறலாம் என்றாயிற்று. கொடுத்தாடும் முறை அதன் பின்னரே தழைத்தது. பிரித்தானியத் தரைப்படையைச் சேர்ந்த றோயல் எஞ்சினியர்ஸ் அணியும், கிளாஸ்கோ நகரத்துக் குயின்ஸ் பார்க் கழகமும் அம்முறையை வளர்த்தோருள் முன்னிற்பன. 1872 நவம்பர் 30ஆந் திகதி, உலகின் முதலாவது சர்வதேச உதைபந்தாட்டப் போட்டி கிளாஸ்கோவில் நடைபெற்றது. உடற்பாரத்தில் விஞ்சிய இங்கிலாந்து அணியை, முழுவதும் குயின்ஸ் பார்க் வீரரைக் கொண்ட ஸ்கொத்லாந்து அணி ஒரு கோலும் போடவிடாது சமநிலையில் நிறுத்தியது. பின்னர் 1925இல், மூவர் என்ற கணக்கு இருவராகக் குறைக்கப்பட்டது. முன்னோக்கிக் கொடுத்தல் மேலும் எளிதாயிற்று.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறியற்பாலது யாது? ஓடுதல் பிழையென்று எவரும் தீர்ப்புக் கூறியதனாற் கொடுத்தாடும் முறை பிறக்கவில்லை. விதி வழிவிட்டது, ஆகவே புதியதொரு வழி திறந்தது. பழைய வழி அடைபடவும் இல்லை. இன்றும் இரண்டும் திறந்தே கிடக்கின்றன.

இனி, இவை தொழிற்படும் வகையை ஆராய்வோம். கோல் காப்பாளர் நீங்கலாகப் பதின்மருக்கு எதிரே பதின்மர் நிற்கின்றனர். ஒவ்வொருவனுக்கும் ஒரு காவலன் உண்டெனில், தாக்கும் அணிக்கு இடமே இல்லை. இச்சமநிலையைக் குலைப்பதற்கு இரு வழிகள் உள. ஒன்று, பந்தோடு செல்பவன் தன் காவலனைத் தாண்டிவிடுவது. அப்பொழுது இன்னொரு காவலன் தன் பொறுப்பிலுள்ள ஆளைக் கைவிட்டு இவனை மறிக்க வரவேண்டும். கைவிடப்பட்டவன் தடையின்றி நிற்பான். மற்றையது, காவலர் இடம்பெயருமுன் பந்தை வேறோரிடத்துக்குச் செலுத்துவது. எவ்வளவு விரைந்தோடும் மனிதனிலும் பார்க்கப் பந்து விரைவாகச் செல்லும் அன்றோ?

கூர்ந்து நோக்கின், இவ்விரு வழிகளும் ஒன்றையொன்று வேண்டி நிற்பது புலனாகும். ஒருவன் தன் ஓட்டத்தினால் இருவரைத் தன்பால் இழுத்துக்கொண்டபின், தடையின்றி நிற்கும் தோழனுக்குப் பந்தைக் கொடாவிடின், அவ்வோட்டத்தினால் உண்டான இலாபம் அவ்விடத்திலேயே அழிந்துபோகின்றது. அவ்வாறே, பந்தை விரைவாகக் கைமாற்றிக் கைமாற்றி, ஓட வல்லான் ஒருவன் ஒரேயொரு காவலனுக்கு எதிரே நிற்கும் நிலையை உண்டாக்கிய பின், அவன் ஓடத் துணியாது பந்தைப் பின்னுக்கே திருப்பிவிட்டால், அத்தனை கொடுப்புகளும் வீணாகின்றன. நம் கரையோரத்தில் கரைவலை இழுப்பதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். இரு பக்கத்துக் கயிறுகளும் ஒருங்கு வந்தாற்றான் மீன் மடியில் நிற்கும். ஒரு பக்கத்தார் மாத்திரம் வலிமையைக் காட்டினால் வலை கோணும், மீன் வெளியேறும்.

சான்றின்றிக் கூறுகின்றோம் என்று எவரும் கருதவேண்டா. 1953 மே 2ஆந் திகதி, இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கக் கிண்ண இறுதிப் போட்டியிற் பிளாக்பூல் அணி போல்ற்றன் அணியை எதிர்த்தது. ஒரு கட்டத்தில் 1-3 எனப் பின்தங்கி நின்ற பிளாக்பூல், முடிவில் 4-3 என வென்றது. அவ்வாட்டம் இன்றும் ஸ்ரான்லி மத்தியூஸின் பெயராலேயே வழங்குகின்றது. வலது ஓரத்தில் அவர் பந்தைக் கொண்டோடிய வித்தையைப் புகழாதார் இல்லை. ஆயின், அன்று அவர் ஒரு கோலேனும் போடவில்லை. மூன்று கோல்களைப் போட்டவர் மோட்டென்சன். இறுதிக் கோலைப் போட்டவர் பெரி. அந்த இறுதிக் கோலுக்கு, எல்லைக் கோட்டளவும் ஓடிச் சென்று பந்தைப் பின்னோக்கி இழுத்துக் கொடுத்தவரே மத்தியூஸ். அவருக்கு உள்ளிருந்து இடைவிடாது பந்தை ஊட்டிக்கொண்டிருந்தவர் ஏர்ணி ரெய்லர் என்னும் சிறிய உருவினர். ஆக, உலகம் போற்றும் அவ்வோட்டத்துக்கு முன்னும் ஒரு கொடுப்பு இருந்தது. பின்னும் ஒரு கொடுப்பு இருந்தது. ஓட்டத்தை மாத்திரம் நினைவிற் கொண்டு, அதன் இருபுறத்துக் கொடுப்புகளையும் மறந்துவிட்ட பழைய மாணவர் இதனைச் சிந்திப்பாராக.

இளையோர் சிந்திக்கவேண்டிய சான்றும் ஒன்று உண்டு. அது ஸ்பெயின் நாட்டின் சரிதை. 2010ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவில் ஸ்பெயின் அணி உலகக் கிண்ணத்தை வென்றபோது, கொடுத்தாடும் முறையே இனி எல்லாம் என்று பலர் முடிவு கட்டினர். அவ்வணி ஏழு ஆட்டங்களிற் போட்ட கோல்கள் எட்டே. இறுதிப் போட்டியில், மேலதிக நேரத்தில், இனியெஸ்ரா போட்ட ஒரேயொரு கோல் வெற்றியைத் தந்தது. அக்கோல் எங்கே தொடங்கியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நவாஸ் என்னும் வலது ஓரத்து வீரர், தம் பாதி மைதானத்திலிருந்து பந்தைக் கொண்டு நெதர்லாந்து வீரர்களினூடே ஓடிய ஓட்டத்திலேதான் தொடங்கியது. கொடுத்தாடுவோருக்கும் கிண்ணத்தைத் திறந்து கொடுத்தது ஓர் ஓட்டமே.

அதன்பின் நிகழ்ந்ததைப் பாருங்கள். 2018 ஜூலை 1ஆந் திகதி மொஸ்கோவில் ருஷ்யாவை எதிர்த்த ஸ்பெயின் அணியினர், தமக்குள்ளே ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவை பந்தைக் கொடுத்து வாங்கினர். கண்ட பயன் ஒரு கோல். அதுவும் ருஷ்ய வீரர் ஒருவரின் காலிற் பட்டு உட்சென்றது. ஆட்டம் 1-1 என முடிய, பெனல்டி உதைகளில் ருஷ்யா வென்றது. 2022 டிசம்பர் 6ஆந் திகதி மொறோக்கோவை எதிர்த்தபோதும் அதுவே கதை. கோல் எதுவுமின்றி ஆட்டம் முடிந்தது. பெனல்டி உதைகளில் ஸ்பெயின் ஒன்றையேனும் உட்செலுத்தாது தோற்றது. எதிரணியினர் தம் கோலின் முன்னே நெருங்கி நின்றுவிட்டால், பக்கவாட்டிற் செல்லும் பந்து அவர்களை அசைப்பதில்லை. அவர்களை அசைப்பதற்கு ஒருவன் பந்தோடு அவர்கள்மீது செல்லவேண்டும்.

இப்பாடத்தை ஸ்பெயின் அணியினர் கற்றுக்கொண்டனர் என்றே தோன்றுகின்றது. 2024ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்தில் ஏழு ஆட்டங்களையும் அவர்கள் வென்றனர். நடுவில் நின்றோர் முன்போலவே நிதானமாகப் பந்தைக் கொடுத்தாடினர். ஆயின் வலது ஓரத்தில் யமால், இடது ஓரத்தில் நிக்கோ வில்லியம்ஸ் என்னும் இரு இளைஞர், தம் எதிரே நின்றோரைத் துணிந்து வெட்டி ஓடினர். ஜூலை 14ஆந் திகதி பேர்லினில் நடைபெற்ற இறுதிப் போட்டியில் இங்கிலாந்துக்கெதிரான முதற்கோல் விழுந்த விதம் கருதற்பாலது. முந்திய நாளிலேயே பதினேழு வயது நிரம்பிய யமால், வலப்புறமிருந்து உள்நோக்கி ஓடினார். காவலர் கண்கள் யாவும் அவர்மீது திரும்பின. அக்கணமே பந்தை இடப்புறம் கொடுத்தார், வில்லியம்ஸ் கோலாக்கினார். ஓட்டம், கொடுப்பு, கோல்! இம்மூன்றுக்கும் இடையே மயிரிழை இடைவெளியும் இல்லை.

உருவத்திற் பெரிய ஐரோப்பியருக்கே இவை பொருந்தும் என்பாரும் உளர். அவர்களுக்கு 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டியிற் தங்கப்பதக்கம் வென்ற இந்திய அணியை நினைவூட்டுகின்றோம். பயிற்சியாளர் எஸ். ஏ. ரஹீம். இறுதிப் போட்டியிற் தென்கொரியாவை 2-1 என அவ்வணி வென்றது. பந்தைக் காலில் ஒட்டவைத்தாற்போலக் கொண்டு செல்லும் சுனி கோஸ்வாமி தலைவர். வலது ஓரத்தில் வேகமும் உதையின் வலுவும் உடைய பி. கே. பானர்ஜி, எவ்விடத்திலும் பொருந்தியாடும் துளசிதாஸ் பலராம். வேறுவேறு இயல்பினர் ஒரே முன்வரிசையில் இடம்பெற்றனர். ஓடுவோர் மாத்திரமோ, கொடுப்போர் மாத்திரமோ நிறைந்த அணி அன்று அது.

இனி நமது துறைமுக நகருக்கு வருவோம். இலங்கைக்கு இவ்விளையாட்டைக் கொணர்ந்தோர் பிரித்தானியப் படையினர். 1957 ஒக்டோபரில் இத்துறைமுகக் கடற்படைத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்படும் வரை, கப்பல்கள் வருந்தோறும் மாலுமிகளும் வந்தனர், பந்தும் வந்தது. ஆயின் நம் சிறுவரின் உண்மையான பயிற்சிக்களம் கடற்கரை மணலே. திருக்கடலூர் தொடங்கி உப்புவெளி, நிலாவெளி வரை மாலை வேளையில் நடந்து செல்வோர் அதனைக் காணலாம். மணலிற் பந்து உருளாது. பத்து யார் தூரத்துக்குத் தரையோடு கொடுத்த பந்து பாதி வழியில் நின்றுவிடும். ஆகவே சிறுவன் பந்தைக் காலுக்கருகிலேயே வைத்து, நெருக்கத்தில் வெட்டித் திரும்பப் பழகுகின்றான். வெட்டி ஓடும் இயல்பு நம்மவர்க்கு வாய்த்திருக்குமாயின், அதற்கு இம்மணலே பெருங் காரணம் எனலாம். ஆகவே அது கடல் நமக்கு ஈந்த செல்வம். களையவேண்டிய குற்றம் அன்று.

அச்சிறுவன் பாடசாலை அணிக்கு வந்ததும் நிகழ்வது என்ன? ஒன்றில், அவனுடைய ஓட்டத்தை மெச்சி, எல்லாப் பந்தையும் அவனிடமே தள்ளிவிட்டு மற்றையோர் பார்த்து நிற்கின்றனர். எதிரணியினர் இருவரை அவனுக்குக் காவலாக வைத்த மாத்திரத்தே அணி முழுதும் செயலிழந்து விடுகின்றது. அல்லது, புதுமுறை கற்ற பயிற்றுநர் வந்து, இரண்டு முறைக்கு மேற் பந்தைத் தொடாதே என்று ஆணையிடுகின்றார். ஆறு மாதத்தில் அவன் ஓட மறந்துவிடுகின்றான். கொடுத்தாடவும் முழுமையாகக் கற்றானல்லன். முதல் வழியில் பத்து வீரர் கெடுகின்றனர். இரண்டாம் வழியில் ஒரு வீரன் கெடுகின்றான். இரண்டும் நட்டமே.

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதத்துக்கு விடை கூறல் வேண்டும். "கல்லூரி விளையாட்டின் நோக்கம் கோல் அன்று, குணம். தோழனுக்குக் கொடுத்தல் தியாகம். தனித்து ஓடுதல் தன்னலம். ஆகவே கொடுத்தலையே நாம் கற்பித்தல் வேண்டும்" என்பர் ஆசிரியர் சிலர். இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. கோலின் முன்னே ஒரு காவலன் மாத்திரம் நிற்க, தாண்டிச் செல்லும் ஆற்றல் தனக்கு இருக்க, பழி வருமோ என்று அஞ்சிப் பந்தைத் தோழன்மீது தள்ளிவிடுகின்ற மாணவன் செய்தது தியாகமா? அன்று. பொறுப்பைக் கைகழுவுதலே அது. மறுபுறத்தில், இருவர் தன்மேற் பாய்ந்து விழப்போவதை அறிந்தும், தோழனுக்கு வெளி உண்டாக்கும்பொருட்டுப் பந்தோடு முன்செல்லும் மாணவனின் ஓட்டம் தன்னலமா? அதனினும் பெரிய தொண்டு மைதானத்தில் உண்டோ? செயலின் புறத்தோற்றத்தைக் கொண்டு குணத்தை அளத்தல் தகாது. சுவாமி விவேகானந்தர் 1897இற் சென்னையில் இளைஞரை நோக்கி, கீதையைக் கற்பதற்கு முன் உடலுரம் வேண்டும், அதற்குப் பந்தாட்டமே துணை என்னும் கருத்துப்படப் பேசினார். அவர் வேண்டிய உரம் துணிவோடு கூடிய உரம். துணிவற்ற பணிவை இந்துக் கல்லூரி ஒன்று தன் மாணவர்க்குக் கற்பிக்கலாகாது.

ஆயின், எங்கே ஓடுவது, எங்கே கொடுப்பது? இதற்கு மாணவன் மனத்திற் பதியத்தக்க எளிய நியமம் ஒன்று உண்டு. மைதானத்தை மூன்று பங்காகக் கொள்க. நம் கோலை அடுத்த பங்கில் பந்தை இழந்தால் ஆபத்து நம்முடையது. ஆகவே அங்கே கொடுத்தாடுதலே நெறி. எதிரணியின் கோலை அடுத்த பங்கில், சிறப்பாக இரு ஓரங்களிலும், பந்தை இழந்தாலும் கேடு சிறிது, வென்றாற் பயன் பெரிது. அங்கே ஓடத் துணிதலே நெறி. நடுப்பங்கில் எதிரே வெளி இருந்தால் ஓடுக. ஆள் இருந்தாற் கொடுக்க. பந்தைக் கொடுத்தவன் நின்றுவிடாது தானும் புதியதோர் இடத்துக்கு ஓடவேண்டும். ஓடுபவனும் தலை குனிந்து பந்தை மாத்திரம் பாராது, நிமிர்ந்து தோழரைப் பார்த்து ஓடவேண்டும்.

கொடுக்கும் கணம் எது என்பதே அனைத்தினும் அரியது. முன்கூட்டிக் கொடுத்தால், காவலன் பெறுபவனிடம் சென்றுவிடுவான். தாழ்த்துக் கொடுத்தால், பந்து காவலன் காலில் அகப்படும். காவலன் தன்னைத் தடுக்கவெனக் காலை எடுத்து வைக்கும் கணமே கொடுக்கும் கணம். இதனை வாயாற் கற்பித்தல் இயலாது. இருவர் தாக்க ஒருவன் தடுக்கும் சிறு பயிற்சியை நாள்தோறும் கால் மணி நேரம் செய்வித்தால், மாணவன் கண்ணும் காலும் தாமே அதனை அறிந்துகொள்ளும். பன்னிரண்டு, பதின்மூன்று வயது வரையுள்ள சிறுவரை அணிக்கு நால்வராகப் பிரித்து மணலிலேயே ஆடவிடுதல் நன்று. அவ்வயதில் "குடு" என்று எவரும் கூவாதிருப்பாராக. ஓடி, இழந்து, மீண்டும் ஓடி, எப்பொழுது இழக்கின்றோம் என்பதை அவர்களே அறியட்டும். கொடுத்தாடும் ஒழுங்கை அதன்மேற் கட்டுதல் எளிது. ஒழுங்கை முதலிற் கட்டி, அதன்மேல் ஓட்டத்தை நடுதல் அரிது.

விழாக் கொண்டாடும் பழைய மாணவர்க்கும் இரு விண்ணப்பங்கள் உள. ஆண்டுதோறும் மிகுதியான கோல் போட்டவனுக்குக் கிண்ணம் வழங்குகின்றோம். மிகுதியான கோல்களுக்கு இறுதியாகப் பந்தைக் கொடுத்தவனுக்கும் ஒரு பரிசு வழங்குவோமாக. ஒவ்வொரு கோலின் எதிரிலும் போட்டவன் பெயரோடு கொடுத்தவன் பெயரையும் அணியின் பதிவேட்டிற் குறிப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. எதைப் பதிகின்றோமோ அதையே மாணவர் மதிப்பர்.

மற்றையது மைதானம். வைகாசி தொடங்கி வீசும் கச்சான் காற்றில் நம் மைதானங்கள் காய்ந்து கல்லாகின்றன. பந்து துள்ளித் துள்ளிக் காலுக்கு அடங்காது போகின்றது. ஐப்பசி, கார்த்திகையில் வாடையோடு வரும் மழையில் அவையே குளங்களாகின்றன. தரையோடு கொடுத்த பந்து நீரில் நின்றுவிடுகின்றது. இத்தகைய நிலத்தில் ஓடவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. வானை நோக்கி உதைத்துவிட்டு ஓடுவது ஒன்றே முடியும். நம் மாணவர் அவ்வாறு ஆடுவதைக் கண்டு குறைகூறுமுன், அவர்கள் காலடியிலுள்ள நிலத்தைப் பார்ப்போமாக. கொழும்பிலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் பழைய மாணவர் இவ்விழாவின் நினைவாகக் கிண்ணமும் கேடயமும் அனுப்ப விரும்பின், அதனோடு ஒரு கிணற்றுக்கும், நீர்க்குழாய்க்கும், புற்றரைக்கும், வடிகாலுக்கும் வழிசெய்வாராக. மேடு பள்ளம் நிரவிய, புல் பிடித்த நிலம் ஒன்று கிடைத்துவிட்டால், கொண்டோடுவதா, கொடுத்தாடுவதா என்னும் வழக்கைப் பெரியோர் நாம் பேசித் தீர்க்கவேண்டியதில்லை. மாணவர் அதனை ஆடித் தீர்த்துக்கொள்வர்.